புதுக்கோழி சரிவருவதும் சரிவராததும்

(கொடிகாமத்திற் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசவேண்டியவன் கோழியைப் பற்றிப் பேச எழுந்து நிற்கின்றானே என்று உங்களுட் சிலர் எண்ணுதல் கூடும். கோழி, ஆடு, மாடு என்பன கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தாரின் பொறுப்பு என்பது உண்மையே. ஆயினும் கொடிகாமத்திலும் மிருசுவிலிலும் வரணியிலும் கோழியில்லாத கமக்காரர் வளவைக் காண்பது அரிது. வயலில் விளைந்த நெல்லின் குறுநலும் தவிடும் கோழிக்குப் போகின்றன. கோழியின் எரு கத்தரிப் பாத்திக்கும் பயிற்றைப் பந்தலடிக்கும் வருகின்றது. முட்டை விற்ற காசு பல வீடுகளிற் பிள்ளைகளின் கொப்பிக்கும் பேனைக்கும் போகின்றது. ஆகவே கோழி கமத்தின் ஓர் உறுப்பே.

இன்று நான் எடுத்துக்கொண்ட வினா இது: ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்திருக்கும் இரு வீட்டாருக்கு ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த புதிய இனக் குஞ்சுகள் கொடுக்கப்படுகின்றன. ஓராண்டு கழித்துச் சென்று பார்த்தால் ஒரு வளவிற் செங்கோழிகள் மேய்கின்றன. மற்றை வளவிற் பழைய ஊர்க்கோழிகளே உலாவுகின்றன. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால், "அது எங்களுக்குச் சரிவரவில்லை, ஐயா" என்பதே விடை. உத்தியோகத்தர் சிலர் இதனைக் கேட்டவுடன், சனங்களுக்கு விளக்கம் போதாது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பிவிடுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிறு கமக்காரன் கைவிட்டதற்கும் கணக்கு உண்டு, கைக்கொண்டதற்கும் கணக்கு உண்டு. அக்கணக்கு தாளில் எழுதப்படாதது, அவ்வளவே.

முதலில் ஊர்க்கோழியின் கணக்கைப் பார்ப்போம். ஊர்ப்பேடு ஒன்று ஒரு முறையிற் பத்து முதற் பதினைந்து முட்டை இடும். அதற்கு இரண்டு மூன்று வாரம் செல்லும். பின் அடைகிடக்கும், குஞ்சு பொரிக்க 21 நாள். பொரித்தபின் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வேலியோரமாகத் திரியும். அது இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆகும். குஞ்சுகளைக் கொத்தி விரட்டிய பின்னரே மறுபடி முட்டையிடத் தொடங்கும். இவ்வாறு பார்த்தால் ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு மாதம். ஆண்டொன்றுக்கு மூன்று அல்லது நான்கு சுற்று. நாற்பது முதல் அறுபது முட்டை. அவற்றுள் ஒரு பெரும் பங்கு அடைக்கே போய்விடும். பொரித்த குஞ்சிலும் பாதிக்கு மேல் பருந்துக்கும் காகத்துக்கும் கீரிக்கும் நோய்க்கும் இரையாவது வழமை. எஞ்சுபவையே கறிக்கும் சந்தைக்கும்.

இது மிகக் குறைவு என்று சொல்வது எளிது. ஆனால் செலவுப் பக்கத்தையும் பாருங்கள். இலங்கைக் கிராமங்களிலே ஊர்க்கோழிகளின் இரைப்பையைத் திறந்து ஆராய்ந்த குணரத்தினவும் அவருடன் பணிசெய்தோரும் 1990களின் தொடக்கத்தில் ஒன்றைக் காட்டினர்: அங்கிருந்தவற்றுட் பெரும்பங்கு வீட்டிலிருந்து எறியப்பட்ட கழிவு, மிகுதி புல்லின் குருத்து, புழு பூச்சி, சிந்திய நெல். விலை கொடுத்து வாங்கியது ஏதுமில்லை என்றே சொல்லலாம். வெறுங்கையால் நடைபெறும் தொழில் இது. வரவு சிறிதாயினும் முதல் இல்லை. முதலில்லாதவிடத்து நட்டமும் இல்லை. இத்தொழிலை நடத்தி வருபவள் பெரும்பாலும் வீட்டுத் தலைவி. அவளை நோக்கி, இதனை விட்டு வேறொன்றுக்கு வா என்று கூறுபவர் அவளுக்கு என்ன உறுதி கொடுக்கின்றார் என்பதே கேள்வி.

அவ்வாராய்ச்சியிலிருந்து இன்னொன்றையும் அறியலாம். ஒரு வளவு தரும் தீனுக்கு ஓர் அளவுண்டு. குசினிக் கழிவு, கறையான், புல்விதை, சிந்திய மணி எல்லாம் சேர்ந்து எத்தனை கோழியைத் தாங்குமோ அத்தனையைத்தான் தாங்கும். ஐந்து கோழி மேயும் வளவில் இருபதை விட்டால் இருபதும் மெலியும். புதிய இனக் குஞ்சுகளைப் பத்துப் பதினைந்தாகக் கொடுத்து, "அவிழ்த்து விடுங்கள், தாமே மேயும்" என்று சொல்லிச் சென்றவிடங்களில் நிகழ்ந்தது இதுவே. குற்றம் கோழியினதுமன்று, வளர்த்தவரதுமன்று. வளவின் கொள்ளளவை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனிப் புதிய கோழியின் கணக்கு. முட்டை விலையும் தீன் விலையும் இன்றொன்று நாளையொன்றாக இருப்பதால் ரூபாவில் எழுதினால் இப்பத்திரம் அச்சாகி உங்கள் கைக்கு வருமுன் பிழைத்துவிடும். ஆகையால் முட்டையையே நாணயமாகக் கொள்வோம். முழுவதும் கடைத்தீனில் நிற்கும் முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 115 கிராம் தின்னும். ஆண்டுக்கு 42 கிலோ. ஒரு கிலோ தீனின் விலை மூன்று முட்டையின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். 42 கிலோவுக்கு 126 முட்டை போய்விடும். அக்கோழி வளவிலே 150 முட்டை இட்டால் மிச்சம் 24. தீன் விலை ஏறி ஒரு கிலோ நான்கு முட்டைக்குச் சமமானால், செலவு 168 முட்டை. கோழி 150 இட்டும் வீட்டுக்கு 18 முட்டை நட்டம். அதே கோழி பாதித் தீனை வளவிலிருந்தே பெற்று, பாதியை மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுப்பீர்களாயின், முதலிற் சொன்ன விலையில் செலவு 63 முட்டை; மிச்சம் 87. ஏறிய விலையிற்கூட மிச்சம் 66. ஊர்க்கோழியின் வரவோடு ஒப்பிட்டால் இது நல்ல வரவே.

ஆகவே எந்த இனம் எத்தனை முட்டையிடும் என்று கேட்பதற்கு முன், அது தன் தீனின் பாதியைத் தானே தேடுமா என்று கேட்கவேண்டும். பண்ணைப் புத்தகங்கள் முதற் கேள்விக்கு மாத்திரமே விடை தருகின்றன. அவுஸ்திரேலியாவில் 1922-23இல் நடந்த போட்டியொன்றில் ஆறு ஒஸ்ரலோர்ப் பேடுகள் 365 நாளில் 1,857 முட்டையிட்டன. ஒரு பேட்டுக்கு ஏறக்குறைய 309. மெச்சத்தக்க சாதனையே. ஆனால் அப்பேடுகள் கீரிக்கு அஞ்சி ஓடவில்லை, அடுத்த வீட்டு நாய்க்கு மரமேறவில்லை, பங்குனி வெயிலிற் பனையடியில் நின்று இளைக்கவுமில்லை.

புதுக்கோழி என்று நாம் சொல்வது உண்மையிற் புதிதுமன்று. வெள்ளை லெக்கோர்ன், றோட் ஐலண்ட் றெட், லைற் சசெக்ஸ், ஒஸ்ரலோர்ப் ஆகியவை கடந்த நூற்றாண்டிலேயே இந்நாட்டுக்கு வந்துவிட்டன. ஊர்க்கோழியை இவ்வினங்களோடு கலந்து தரமுயர்த்தும் முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. இவற்றுள் றோட் ஐலண்ட் றெட் என்னும் செங்கோழியின் வரலாறு சுவையானது. அமெரிக்காவிலே றோட் ஐலண்ட், மசசூசெற்ஸ் ஆகிய மாநிலங்களின் கமக்காரர், கப்பல் மாலுமிகள் கிழக்கிலிருந்து கொண்டுவந்த மலாய்ச் சேவல்களைத் தம் ஊர்ப்பேடுகளோடு கலந்து உண்டாக்கிய இனம் அது. ஆராய்ச்சிசாலையில் தோன்றியதன்று, வளவிலே தோன்றியது. ஆசியாக் கோழியின் இரத்தம் அதில் ஓடுகின்றது. வெளிநாட்டுக் கோழி நம் மண்ணுக்கு ஒவ்வாது என்று முற்றாக மறுப்போர் இதனையும் எண்ணிப்பார்க்கலாம். காட்டுக்கோழியைத் தேசியப் பறவையாகக் கொண்ட நாட்டவராகிய நமக்குக் கோழியின் பூர்வீகத்தைப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புதுமையை மக்கள் எவ்வாறு கைக்கொள்கின்றனர் என்பதைப் பற்றி உலகில் எழுந்த முதன்மையான ஆராய்ச்சிகளுள் ஒன்றுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 முதற் கலப்பினச் சோளவிதை விற்கப்பட்டது. அதனை அங்குள்ள கமக்காரர் எவ்வாறு ஏற்றனர் என்பதை பிறைஸ் றயன், நீல் குறொஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். அந்த றயன் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் சமூகவியற் பேராசிரியராக இருந்து, இந்நாட்டுச் சாதியமைப்பைப் பற்றியும் நூல் எழுதியவர். அயோவாவில் அவர்கள் விசாரித்த 259 கமக்காரருள் 1941ஆம் ஆண்டளவில் இருவர் தவிர ஏனையோர் அனைவரும் புதிய விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் எப்படி மாறினர்? விதையைப் பற்றி முதலிற் சொன்னவர் பெரும்பாலும் விற்பனையாளரே, நம்பவைத்தவரோ அயலவர். எவ்வளவு துணிந்தவனும் முதலாண்டிலேயே நிலம் முழுவதிலும் விதைக்கவில்லை. ஒரு மூலையில் விதைத்து, அறுத்து, அளந்து பார்த்தான். கேள்விப்பட்ட நாளுக்கும் முழு நிலத்தையும் ஒப்படைத்த நாளுக்கும் இடையிற் பல ஆண்டுகள் சென்றன.

அயோவாக் கமக்காரன் நூற்றுக்கணக்கான ஏக்கர் உடையவன். அவனே அத்தனை தயங்கினான். நான்கு பரப்புத் தோட்டமும் சிறிது வயலும் உடையவர் தயங்குவதை அறியாமை என்று எவ்வாறு சொல்வது?

இனி, கைக்கொண்டவர் ஏன் கைக்கொண்டனர் என்பதைச் சொல்கின்றேன். நான் சென்று பேசிய வீடுகளில் முதலிற் கிடைக்கும் விடை முட்டையின் எண்ணிக்கையன்று, முட்டையின் நிறம். செங்கோழியின் முட்டை மண்ணிறமானது. வெள்ளை லெக்கோர்ன் முட்டையினும் அது நன்றாக விற்கும். கடைக்காரரும் கேட்டு வாங்குவர். அரசாங்கமே 2022 ஆகத்து மாதத்தில் முட்டைக்கு உச்ச விலை நிர்ணயித்தபோது வெள்ளை முட்டைக்கு 43 ரூபா என்றும் மண்ணிற முட்டைக்கு 45 ரூபா என்றும் வேறுபடுத்தியே விதித்தது. ஓட்டின் நிறத்தினாற் சத்திற் கூடுதல் குறைவு இல்லை என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஆயினும் சந்தை நம் சொற்படி நடப்பதில்லை. விற்கின்றவர் சந்தையைப் பார்த்து இனத்தைத் தெரிந்தெடுப்பது சரியான முடிவே.

அடுத்தது இறகின் நிறம். வெண்கோழி பருந்தின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். செந்நிறமும் புள்ளியும் கலந்த கோழி வேலி நிழலில் மறையும். சந்தையிலும் ஊர்க்கோழியைப் போலத் தோன்றுவதால் விலைபடும். இந்தியாவிலே ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் வளவு வளர்ப்புக்கென்றே உண்டாக்கிய வனராஜா, கிராமப்பிரியா என்னும் இனங்களைப் பல நிற இறகுடன் அமைத்தமைக்குக் காரணம் இதுவே. வனராஜாவின் உடற்பாரம் கூடுதலாயிருப்பதால் பகைக்குத் தப்பி ஓடுவதில் ஊர்க்கோழிக்கு ஈடாகாது என்பதையும் அங்குள்ளோர் கண்டனர். பாரம் ஏறினால் இறைச்சி கூடும், ஓட்டம் குறையும். இரண்டையும் ஒருசேரப் பெறுதல் அரிது.

மரக்கறித் தோட்டமுடையோர் சொல்லும் காரணம் வேறு. ஊர்க்கோழி வேலியைத் தாண்டிப் பறந்து நாற்றுமேடையைக் கிளறிவிடும். கத்தரி நாற்றோ மிளகாய் நாற்றோ ஒரு காலையில் அழிந்துபோவதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதனால் அயலவரோடு மனத்தாங்கல் ஏற்படுவதும் உண்டு. செங்கோழி பாரமானது, சாதாரண கிடுகு வேலியையே பெரும்பாலும் தாண்டாது. தோட்டத்தையும் கோழியையும் ஒரே வளவில் வைத்திருக்க விரும்புவோருக்கு இது சிறிய காரியமன்று.

எருவைப் பற்றி 2021ஆம் ஆண்டின் பின் நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அவ்வாண்டு இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கோழியெரு தேடி அலைந்தோர் பலர். கூட்டிலே அடைக்கப்படும் கோழியின் எருவைச் சேர்த்தெடுக்கலாம். மரத்தில் உறங்கும் கோழியின் எரு மரத்தடியோடு போய்விடும். காய்ந்த கோழியெருவில் ஏறக்குறைய நூற்றுக்கு மூன்று பங்கு நைதரசன் உண்டு. மாட்டெருவினும் இது வலியது. ஆனாற் பச்சையெருவை நாற்றடியில் இடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும். குப்பையோடு சேர்த்து மக்கவிட்டு, சூடு தணிந்தபின் இடுங்கள்.

இந்தியாவில் 1990களின் தொடக்கத்திற் பரவிய குறோயிலர் என்னும் கோழியைப் பற்றியும் கூறவேண்டும். தில்லிக்கருகேயுள்ள கெக் பண்ணையார் உண்டாக்கிய கலப்பினம் அது. மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிற் சிறு குடும்பங்கள் பெருந்தொகையில் ஏற்றுக்கொண்டன. பின்னர் உகண்டாவுக்கும் சென்றது. அதன் வெற்றிக்கு இனத்தின் சிறப்பு மட்டும் காரணமன்று. ஒருநாட் குஞ்சை வீட்டாரிடம் கொடாமல், இடையிலுள்ள சிறு வளர்ப்பாளர் அதனை மூன்று நான்கு வாரம் சூடு காட்டி, தடுப்பு மருந்து கொடுத்து வளர்த்தனர். அதன்பின் சைக்கிள் வியாபாரிகள் கூடைகளிற் கொண்டுசென்று வீட்டு வாசலில் விற்றனர். வாங்குபவள் இரண்டு குஞ்சும் வாங்கலாம், இருபதும் வாங்கலாம். குஞ்சு சாகக்கூடிய ஆபத்தான வயது கடந்த பின்னரே அவள் காசு கொடுக்கின்றாள். நம் பகுதியிலும் நாட்டு நிலைமை தெரிந்த இளைஞர் இருவர் மூவர் இத்தொழிலை எடுத்தால் நன்று என்பது என் எண்ணம். ஒருநாட் குஞ்சுகளை வீடு வீடாகப் பகிர்வதிலும் அது பயனுடையதாகும்.

நம் பகுதியின் அண்மைக்கால வரலாறும் இதனோடு சேர்ந்தது. தென்மராட்சி 2000ஆம் ஆண்டிற் போர்க்களமானபோது ஊரைவிட்டுச் சென்றவர் கோழியைக் கொண்டு செல்லவில்லை; கொண்டு செல்லவும் இயலாது. திரும்பி வந்தபோது கூடும் இல்லை, கோழியும் இல்லை, பலருக்கு வீடும் இல்லை. போர் முடிந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடமாகாணமெங்கும் வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகள் வழங்கப்பட்டன. நல்ல நோக்கம். ஆயினும் கூடு அடித்துத் தீனும் தேடிவைத்த பின் விரும்பிக் கேட்டவருக்குக் கிடைத்த குஞ்சும், பட்டியலிற் பெயர் இருந்தமையாற் கிடைத்த குஞ்சும் ஒரே முடிவை அடையவில்லை. விரும்பிக் கேட்டு ஒரு சிறு தொகையேனும் கொடுத்து வாங்கியவர் அக்கோழியைக் கண்ணுங் கருத்துமாகக் காப்பதை நான் பல வீடுகளிற் கண்டுள்ளேன்.

இனி, கைவிட்டவர் பக்கம் வருவோம். ஷேவர் பிறவுண் போன்ற பண்ணைக் கலப்பினங்கள் நல்ல பேணலில் ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடும். ஆனால் அவை அடைகிடப்பதில்லை. அக்குணம் தெரிவினால் நீக்கப்பட்டுவிட்டது. அவற்றின் முட்டையை வேறு பேட்டின்கீழ் வைத்துப் பொரித்தாலும் பிறக்கும் குஞ்சு தாயைப் போல இராது. ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சை விலைக்கு வாங்கவேண்டும். அயோவாவின் சோளவிதையும் இத்தன்மையதே. குஞ்சு வருவது நின்றால் வளர்ப்பும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இதனை நாடு முழுவதும் கண்டது. சோளத் தீன் அரிதாகி விலை ஏறியது. பண்ணைகள் கோழியைக் குறைத்தன. அடுத்த ஆண்டில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. கடைத்தீனை முழுவதும் நம்பி வளவில் வளர்த்தோர் அவ்வேளையிற் கோழிகளைக் கறிக்கு விற்றுவிட்டுக் கூட்டை விறகாக்கினர். ஊர்க்கோழி வைத்திருந்த வீட்டில் அக்காலத்திலும் முட்டை இருந்தது. "சரிவரவில்லை" என்ற சொல்லின் பொருள் இங்கே முழுவதும் விளங்குகின்றது.

அவ்வாறாயின் என்ன செய்யலாம்? என் ஆலோசனை, இரண்டையும் விடாதிருத்தல். ஊர்ப்பேடு இரண்டை அடைக்கென்றே வைத்திருங்கள். செங்கோழிப் பேடு மூன்று, நல்ல செஞ்சேவல் ஒன்று. இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும். செங்கோழியின் முட்டை பத்துப் பன்னிரண்டை ஊர்ப்பேட்டின்கீழ் அடைவையுங்கள். ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கொண்டதில் சிலந்தியைப் போல இரத்த நாளம் தெரியும். வெளிர்ந்து கிடப்பதை எடுத்துவிடலாம். தூய இனமாதலால் செங்கோழியின் குஞ்சு தாயைப் போலவே வளரும். குஞ்சுக்கென எவரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. செஞ்சேவல் ஊர்ப்பேட்டோடு சேர்ந்து பிறக்கும் குஞ்சு பாதி இரத்தம். அதன் பேட்டை மறுபடி வேறொரு செஞ்சேவலோடு சேர்த்தால் முக்கால். அதற்கு மேற் போகாதிருப்பது நல்லது. செங்கோழியின் இரத்தம் ஏற ஏற முட்டை கூடும், அடைகிடக்கும் குணமும் குஞ்சைக் காக்கும் சாமர்த்தியமும் குறையும். ஆண்டுக்கொருமுறை சேவலை வேறூராரோடு மாற்றிக்கொள்ளுங்கள். தந்தையும் மகளும் சேர்ந்து இனம் நலிவதைத் தவிர்க்கலாம்.

பொரித்த குஞ்சை முதல் நான்கு வாரம் தாயோடு அலையவிடாமற் கரப்பின்கீழ் வைத்து, குறுநலும் அவித்த முட்டைத் துணுக்கும் கறையானும் கொடுங்கள். பழம்பானையில் சாணமும் ஈர வைக்கோலும் இட்டுக் கவிழ்த்து வைத்தாற் கறையான் ஏறுவதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பாட்டன்மார் கண்ட அவ்வழியினும் மலிவான புரதத் தீனை எக்கடையிலும் வாங்க முடியாது. குஞ்சும் தப்பும், தாய்ப்பேடு விரைவில் மறுபடி முட்டைக்கு வரும். இனத்தை மாற்றாமலே முட்டையைக் கூட்டும் வழி இது. புதுக்கோழி வேண்டாம் என்று முடிவு செய்தவரும் இதனை மட்டுமாவது செய்து பாருங்கள்.

முட்டையிடும் செங்கோழிக்கு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது கிராம் கலவைத்தீன் கொடுக்க வேண்டும். தவிடு, குறுநல், தேங்காய்ப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு, உப்புக் குறைந்த கருவாட்டுத் தூள் என்பன நம்மிடம் உள்ளவை. கொடிகாமத்தில் தேங்காய்க்குப் பஞ்சமில்லை. செக்குக்காரரிடம் புண்ணாக்கைச் சொல்லிவைத்து வாங்கலாம். முருங்கையிலையும் அகத்தியிலையும் கட்டித் தொங்கவிடுங்கள். மஞ்சட்கரு நிறம் கொள்ளும். ஓடு மெல்லியதாகி முட்டை உடைகின்றது என்று பலர் முறையிடுகின்றனர். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கல்சியம் உண்டு. ஆண்டுக்கு ஐம்பது முட்டையிடும் கோழி அதனை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொள்ளும். நூற்றைம்பது இடுவதற்கு அது போதாது. கடனீரேரிக் கரையிற் குவிந்து கிடக்கும் சிப்பியோட்டைக் கழுவி, இடித்து, ஒரு சிரட்டையில் தனியே வையுங்கள். தேவையான கோழி தேவையான அளவு தின்னும்.

வெயிற் காலத்திற் பாரமான கோழி வாய் திறந்து இளைக்கும். கூட்டைப் பனையோலையால் வேய்ந்து, காற்றுப்போக வழிவிட்டு, மண்சட்டியில் இருவேளை குளிர்ந்த கிணற்று நீர் வையுங்கள். நீர் ஒருநாள் தவறினால் முட்டை பல நாள் தவறும்.

எல்லாவற்றினும் பெரிய பகை இராணிக்கெட் நோய். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் இந்தியாவின் இராணிக்கெட்டில் அடையாளங் காணப்பட்டதனால் இப்பெயர் பெற்றது. கோழி பச்சையாகக் கழியும், மூச்சுக்கு வாய் பிளக்கும், கழுத்து முறுகும், இரண்டு மூன்று நாளில் வளவே வெறுமையாகும். வந்தபின் மருந்து இல்லை. புதுக்கோழியைக் கைவிட்டோரில் பலர், உண்மையில் இந்நோய்க்குத் தம் கோழியைக் கொடுத்தவரே. ஊர்க்கோழியும் இதற்குத் தப்பாது. ஆனால் ஊர்க்கோழி இறந்தால் நட்டம் மனவருத்தத்தோடு போகும். விலை கொடுத்து வாங்கி, தீன் போட்டு வளர்த்த கோழி இறந்தால் இனி ஒருபோதும் வேண்டாம் என்றே தோன்றும்.

தடுப்பு மருந்து உண்டு. கண்ணில் ஒரு சொட்டு விட்டாற் போதும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீற்றர் ஸ்பிறட்புறோ என்பார் கிராமக் கோழிகளுக்கென்றே ஐ-2 என்னும் வகையை உண்டாக்கினார். அது வெப்பத்தைச் சிறிது தாங்கக்கூடியது, நான்கு மாதத்துக்கொருமுறை கொடுக்க வேண்டியது. இங்கு கிடைக்கும் மருந்தின் வகையையும் இடைவெளியையும் கால்நடை வைத்திய அதிகாரி சொல்வார். அவர் சொற்படி நடவுங்கள். நோயுற்ற கோழிக்கும் சோர்ந்த கோழிக்கும் அன்று கொடுக்கவேண்டாம். செத்த கோழியை வேலிக்கப்பால் எறியாமல் ஆழப் புதையுங்கள். நோய் பரவும் காலத்திற் சந்தையிலிருந்து கோழி வாங்கி வந்து நேரே கூட்டில் விடாமல் இரண்டு வாரம் வேறாக வையுங்கள்.

ஒரு புட்டியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து இருக்கும். கரைத்தபின் அடுத்த நாளுக்கு வைத்திருக்க இயலாது. ஒரு வீட்டு ஏழு கோழிக்காக அதனைத் திறப்பது வீண். ஆகவே ஒழுங்கை ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பேற்று, வீட்டுக்கு வீடு ஊர்க்கோழி எத்தனை, புதுக்கோழி எத்தனை, குஞ்சு எத்தனை என்று எண்ணி எழுதி, அத்தாளைச் சாவகச்சேரியிலுள்ள கால்நடை வைத்திய அலுவலகத்திற் கொடுங்கள். நாள் குறித்துத் தருவர். குறித்த நாளன்று கோழிகளைக் காலையிற் கூட்டிலிருந்து திறந்துவிடாமல் வைத்திருங்கள். அல்லது மாலை பொழுதுபட்டு அவை கூடடைந்தபின் வரும்படி கேளுங்கள். பகலிற் பனங்கூடலுக்குள் கோழி துரத்துவது தடுப்பு மருந்து கொடுப்பவருக்கும் நல்லதன்று, கோழிக்கும் நல்லதன்று.